சுங்கத்துக்கு நீர் அடைத்த கதை

தெற்கே கடல், வடக்கே உப்பங்கழி, நடுவே ஒரு பஸ்ஸும் ஒரு மீன் லாரியும் எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டில் ஒன்று பின்வாங்கியே தீரவேண்டிய ஒற்றை ரோடு, அந்த ரோட்டின் கிழக்கு நுனியில் கீழூர், மேற்கு நுனியில் மேலூர் என்று இரண்டு துண்டாகக் கிடக்கிற கழிமுனையில், புரட்டாசி பிறந்தும் வெயில் தணியாத ஒரு காலையில், சுங்கம் என்கிற கடுவன் பூனை தெற்குப் பக்கத்துக் கருவாட்டுக் கொட்டகையிலிருந்து இறங்கி வந்து நடுரோட்டில் வடக்கே தலைவைத்துப் படுத்துக்கொண்டது. அதன்பிறகு மனிதப் பிறவி எவரும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

தாண்ட முடியவில்லை என்பதே மத்தியானம்வரை யாருக்கும் தெரியாது. பூனை குறுக்கே வந்தால் நின்றுவிட வேண்டும், வேறொருவர் முதலில் தாண்டிப்போய் அந்தக் கெடுதலை வாங்கிக்கொண்ட பிறகுதான் நாம் காலெடுத்து வைக்க வேண்டும் என்பது கழிமுனையில் பால்குடிக்கிற வயதிலேயே படிக்கிற பாடம். ஆகவே கிழக்கேயிருந்து வந்தவர்கள் மேற்கேயிருந்து யாராவது வரட்டும் என்று நின்றார்கள், மேற்கேயிருந்து வந்தவர்கள் கிழக்கேயிருந்து யாராவது வரட்டும் என்று நின்றார்கள், பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு வெற்றிலை போட்டார், பள்ளிக்கூடத்து டீச்சர் குடையை விரித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார், பெட்டியில் இருந்த மீனுக்கு ஐஸ் உருகிச் சொட்டியது. கடைசியில் குடிக்க வழியில்லாமல் கை நடுங்கிய ஒருத்தர், சகுனமாவது மண்ணாங்கட்டியாவது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கால் தூக்கியது, வைத்தது, மறுபடி தூக்கியது, மறுபடி வைத்தது. மனுஷன் வியர்த்துக்கொட்ட நடந்தார், ஆனால் நின்ற இடத்திலேயே நடந்தார்.

காக்கை தாண்டியது. நாய் தாண்டியது. உருட்டிவிட்ட சைக்கிளும் வீசியெறிந்த தேங்காயும் ஒரு தடையும் இல்லாமல் தாண்டின. ஆள் மட்டும் இல்லை. கடல்வழியே சுற்றிப் போகலாம் என்று வள்ளத்தை எடுத்தவர்களுக்கு எஞ்சின் ஓடியது, தண்ணீர் நுரைத்தது, கரையில் இருந்த பனைமரம் மட்டும் பின்னால் போகவே இல்லை. கழியில் இறங்கி நீந்தியவர்களுக்கும் அதே கதிதான். பூனையின் மூக்கிலிருந்து வடக்கேயும் வாலிலிருந்து தெற்கேயும் ஒரு கோடு ஓடுகிறது என்று ஊர் முடிவுகட்டியது, முடிவுகட்டியதும் நிம்மதி அடைந்தது. ஏன் என்று தெரியாவிட்டால் என்ன, எதுவரை என்று தெரிந்துவிட்டதே.

அந்த ஊர் எதையும் பழகிக்கொள்ளும். மறுநாளே கோட்டின் இரண்டு பக்கமும் சந்தை கூடிவிட்டது; கீழூர் மீனை வீசியது, மேலூர் காய்கறியை வீசியது, தக்காளி வாங்குகிறவர்கள் ஆளுக்கொரு சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உடையக்கூடிய சாமானுக்கு ஆடுகள் வந்தன. மருந்துச் சீசா, முட்டை, பால் எல்லாம் ஆட்டின் முதுகில் கட்டி அந்தப் பக்கம் விரட்டப்பட்டன, முன்பே நாள் குறித்துவிட்ட ஒரு கல்யாணத்தில் மேலூர் மாப்பிள்ளையின் தாலி வெள்ளாட்டின் கழுத்தில் ஏறிக் கீழூர்ப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது, அவள் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டாள், இரண்டு பக்கமும் பூத் தூவினார்கள். பூனைக்கு மேலே யாரோ குடை நட்டார்கள். அப்புறம் ஒரு டீக்கடை வந்தது.

சுங்கம் பெரிய தலையும் கிழிந்த காதும் உள்ள செவலைக் கடுவன். கரைக்கு வருகிற ஒவ்வொரு மீன்கூடையிலும் ஒரு மீனைத் தன் உரிமைபோல எடுத்துக்கொண்டு போகும், அதனால்தான் அந்தப் பெயர். ரோட்டுக் குழிகளை மூடுவதற்கென்று காண்டிராக்டர் கொட்டிவிட்டு மறந்துபோன மணற்குவியலின்மேல் அது படுத்திருந்தது. படுத்திருந்தது என்றால் சும்மா படுத்திருக்கவில்லை. திடீரென்று எழும், பின்னங்கால்களைக் குந்தி முக்கும், வால் நடுங்கும், ஒன்றும் வராது, அடிவயிற்றுக்குக் கீழே விடாமல் நக்கும், அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்துவிட்டு மறுபடி சாயும்.

"மலச்சிக்கலு" என்றார்கள் கீழூர்க்காரர்கள், சிரட்டையில் விளக்கெண்ணெயை ஊற்றி நீளக் கம்பில் கட்டி அதன் வாயருகே நீட்டினார்கள். "உள்காய்ச்சலு" என்றார்கள் மேலூர்க்காரர்கள், சாளை மீனின் வயிற்றில் காய்ச்சல் மாத்திரையைச் சொருகி அதன் முன்னால் போட்டார்கள். இரண்டையும் சுங்கம் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு, கோட்டுக்குக் கிழக்கே, மீன் வெட்டுகிற பிலோமி நின்றாள். ஊரே புதுச் சந்தையில் குதூகலமாக இருக்க, அவள் மட்டும் விரல்விட்டு நாள் எண்ணினாள். அவள் புருஷன் ததேயுஸ் ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்த்தவன், இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்ட ஆள்; வாரத்துக்கு இரண்டுமுறை மேலூர் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் கழுவி உள்ளே விட்டால்தான் அவனுக்கு அடுத்த வாரம் உண்டு. அந்த மெஷினை வீசியெறியவும் முடியாது, ஆட்டின் முதுகில் கட்டவும் முடியாது.

மேலூர்க் கால்நடை மருந்தகத்தின் டாக்டர் பூங்கோதை நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, கோழிக்குக் கழிச்சல் மருந்து என்று அவர் காலம் போனது. பூனையைத் தூக்கிக்கொண்டு வைத்தியத்துக்கு வருகிற பழக்கம் கழிமுனையில் கிடையாது, பூனைக்குச் சீக்கு வந்தால் அது எங்கேயாவது மறைவில் போய்ச் செத்துக்கொள்ளும், அதுதான் பூனையின் மரியாதை என்று ஊர் நினைத்திருந்தது. அவர் வந்தார், மணலில் கிடந்த மீனை எடுத்தார், வயிற்றைப் பிதுக்கிப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க, யாருங்க இந்த மாத்திரைய வெச்சது? மனுசங்களுக்குத்தானுங்க இது காய்ச்சல் மாத்திரை. பூனைக்கு வெசம். ஒண்ணு தின்னா மூஞ்சி வீங்கி, ஈறு கறுத்துச் செத்துப்போயிருமுங்க!"

"நமக்குக் கேக்குத மாத்திரை பூனைக்குக் கேக்காதா?" என்றார் ஒருவர், மனம் புண்பட்டு.

பூங்கோதை மணலில் மண்டியிட்டார். சுங்கத்தின் மேற்குப் பாதி அவர் பக்கம் இருந்தது. கழுத்தின் பின்தோலைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை அடிவயிற்றில் கொடுத்தார், பூனை அலறியது. உள்ளே சாத்துக்குடி அளவுக்குக் கல்போல ஒன்று இருந்தது.

"மலச்சிக்கல் இல்லீங்க. இது மூத்திரப் பை. கடுவனுக்கு நீர்த்தாரை ஊசி கணக்கா ஒல்லியா இருக்குமுங்க, உள்ளார மணல் மாதிரி பொடி சேந்து அடைச்சுக்கும். அடைப்பை எடுக்கலீன்னா வெசம் ரத்தத்துல ஏறிரும். ரெண்டு மூணு நாள்தான் தாங்கும்."

விஷம் ரத்தத்தில் ஏறிவிடும். மேலூர் ஆஸ்பத்திரியில் ததேயுஸைப் பற்றிப் பிலோமியிடம் சொன்ன அதே வார்த்தைதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் பிலோமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"எடுத்துட்டா எந்திரிச்சுப் போயிருமா டாக்டரம்மா?"

"போயிருமுங்க. சன்னமா ஒரு குழாய், குழந்தைக்கு மூக்குல பால் விடுவாங்களே அந்தக் குழாய் கெடைச்சாப் போதும். ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிட்டு வந்தர்றேன்."

"நில்லுங்க" என்றார் சண்முகக்கனி. மேலூரில் அவருக்கு லாட்ஜ் உண்டு, கல்யாண மண்டபம் உண்டு, ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நடுநாற்காலி உண்டு. "எந்திரிச்சு எந்தப் பக்கம் போவும்?"

இப்படித்தான் அது ஆரம்பித்தது. கழிமுனைக் கணக்குப்படி பூனை இடமிருந்து வலம் போனால் லாபம், வலமிருந்து இடம் போனால் நாசம். பிணம் எதிரே வந்தால் ஜெயம், விறகு எதிரே வந்தால் தோல்வி. இதெல்லாம் தெரியாத ஆள் ஊரில் இல்லை. ஆனால் யாருடைய இடம், யாருடைய வலம் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மேற்கே பார்த்து நிற்கிற கீழூர்க்காரர்களுக்குத் தெற்கேயிருந்து வடக்கே போகிற பூனை இடமிருந்து வலம் போகிறது. கிழக்கே பார்த்து நிற்கிற மேலூர்க்காரர்களுக்கோ அதே பூனை, அதே நாலு காலில், வலமிருந்து இடம் போகிறது. சுங்கம் எழுந்து வடக்கே நடந்தால் மேலூர் நாசம், தெற்கே திரும்பினால் கீழூர் நாசம்.

"தெக்கேதான் போவணும்" என்றார் சண்முகக்கனி.

"வடக்கேதான் போவணும். தலை வடக்கேல்லா இருக்கு" என்றார் கீழூர்ப் பெரியவர் சிலுவைப்பிச்சை. அவர் கோயில் கமிட்டியில் இருப்பவர், சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை பார்ப்பவர். "வந்த வழியில பாதிய முடிச்சிட்டு. மீதிய அது முடிக்கட்டும்."

ஆயுளில் முதல்தடவையாக இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: பூனை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவாகும்வரை அதற்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. பூங்கோதை ஆஸ்பத்திரியிலிருந்து குழாயோடு திரும்பி வருவதற்குள் மணற்குவியலைச் சுற்றி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் முறைவைத்துக் காவலும் போட்டுவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவரும் வந்து நின்றார். இரண்டு தரப்பும் சமாதானமாக இருக்கும்போது தான் என்ன செய்ய என்றார் அவர்.

பூங்கோதை மேலூரில் வீடு வீடாகப் போனார். பூனை வலியில் துடிக்கிறது என்றார். பூனைக்குப் பக்கத்தில் ஆறுதலாக உட்கார்ந்திருந்த காவல்காரர்கள் சிரித்தார்கள்.

"துடிக்கா? நல்லாக் கேட்டுப் பாருங்க டாக்டரம்மா. கொர்ர்ருனு சந்தோசமால்லா கெடக்கு."

"வலியிலயும் அப்படித்தானுங்க உறுமும். சாகப்போற பூனையும் உறுமும். அது தனக்குத்தானே சொல்லிக்கிற ஆறுதலுங்க" என்றார் பூங்கோதை. ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. சந்தோஷமாக இருக்கிறது என்று நம்பினால் யாருக்கும் அவசரமில்லை பாருங்கள்.

இரண்டு மூன்று நாளில் செத்திருக்க வேண்டிய சுங்கம் சாகவில்லை. மேலே கிடந்த குடைத்துணி வெளுத்தது, டீக்கடையில் பலகாரம் போட ஆரம்பித்தார்கள், பூனை அப்படியே கிடந்தது, முக்கியது, உறுமியது. அது ஏன் சாகவில்லை என்று ஊரில் எவரும் யோசிக்கவில்லை. பாதிவழியில் நிற்கிற பூனை எப்படிச் சாகும் என்று கேட்டால் எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. ஆனால் ததேயுஸுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் சாகக்கூடியவன், அதை அவன் உடம்பு நாளுக்கு நாள் நன்றாகச் செய்துகொண்டிருந்தது.

முதலில் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிறகு முகம் வீங்கிக் கண் சிறுத்தது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே தூங்கினான். பூங்கோதை கோட்டின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு பிலோமிக்குக் கத்திச் சொன்னார், இளநீர் கொடுக்காதீர்கள், வாழைப்பழம் வேண்டாம், உப்பு வேண்டாம், தண்ணீரைத் தொண்டை நனையும் அளவுக்கு மட்டும் கொடுங்கள் என்று. "நான் மாட்டு டாக்டருங்க, ஆனா ரத்தம் ரத்தந்தானுங்களே" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

ஒருநாள் ததேயுஸ் பூனையைப் பார்க்க வேண்டும் என்றான். அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து கயிற்றுக்கு வெளியே வைத்தார்கள். அவன் வெகுநேரம் சுங்கத்தைப் பார்த்தான்.

"எத்தன மீனு தின்னிருப்ப ஏங்கிட்ட" என்றான் அதனிடம். பிறகு பிலோமியிடம் திரும்பினான். "எனக்கும் இதுக்கும் ஒரே சீக்கு, பாத்தியா பிலோமி. அதுக்கு வைத்தியம் இருக்கு, செய்ய மாட்டாங்காவ. எனக்கும் இருக்கு, போவ முடியல. இதுல யாரு பூனை, யாரு மனுசன்?"

"பேசாதீய. மூச்சு வாங்குதுல்லா."

"ஒண்ணுக்குப் போறதுதான பிலோமி. நான் நல்லா இருந்தப்ப சுவரப் பாத்து நின்னா முடிஞ்சிது. இது எம்புட்டுப் பெரிய காரியம்னு அப்பத் தெரியல."

காவல்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, இது எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஒருவர் ததேயுஸுக்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். ஆனாலும் கயிற்றை அவிழ்க்க ஒரு கை நீளவில்லை. கூட்டம் ஒன்று கூடிக் கலைந்தது, பிறகு இன்னொரு கூட்டம் கூடியது, பூனையைத் தூக்கிக் கிழக்கு மேற்காகத் திருப்பிவைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டு உதை வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கீழூர் சனம் வெளியே வந்தபோது பிலோமி நடுரோட்டில் உட்கார்ந்திருந்தாள். கீழூர்க் காவலும் பூசைக்குப் போயிருந்த நேரம், கயிறு அறுந்து கிடந்தது. தினமும் மீன் வெட்டுகிற அரிவாள்மனையை மணலில் போட்டு, ஒரு காலால் அதன் பலகையை மிதித்துக்கொண்டு, இடதுகையால் சுங்கத்தைப் பிடித்துத் தூக்கி அந்தக் கத்தியருகே அதன் கழுத்தை வைத்திருந்தாள்.

"கிட்ட வராதீய" என்றாள். "வந்தா வெட்டிருவேன். பாதி ரோட்டுல செத்த பூனை அந்தப் பக்கமும் போவாது, இந்தப் பக்கமும் போவாது. இந்த ரோடு எந்நாளைக்கும் தொறக்காது. ஒங்க பேரப்பிள்ளைவளும் ஆட்டுக் கழுத்துலருந்துதான் தாலி வாங்கணும்."

ஊருக்கு அது உடனே புரிந்தது. பூனைக்காகவும் ததேயுஸுக்காகவும் புரியாதது, இதில் புரிந்துவிட்டது. சிலுவைப்பிச்சை கையெடுத்துக் கும்பிட்டார். சண்முகக்கனி அந்தப் பக்கத்திலிருந்து, "தாயி, அவசரப்படாத, பேசிக்கிடலாம்" என்றார்.

"பேசினது போதும். டாக்டரம்மாவ வரச்சொல்லுங்க."

பூங்கோதை ஓடிவந்தார். பிலோமி கிழக்கே உட்கார்ந்து அரிவாள்மனையிலிருந்து காலை எடுக்காமலே பூனையைப் பழைய துணியில் சுருட்டி மடியில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டாள், பூங்கோதை மேற்கே மண்டியிட்டு அதன் பின்பகுதியைக் கழுவினார், மரத்துப்போக ஊசி போட்டார், கண்ணுக்குத் தெரியாத துவாரத்தைத் தேடிக் குழாயின் நுனியை வைத்து, உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக உள்ளே தள்ளினார். போகவில்லை. திருப்பி வைத்தார். போகவில்லை. அவர் நெற்றி வியர்வை பூனையின் வயிற்றில் விழுந்தது. இரண்டு ஊரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. உள்ளே பொடி நொறுங்குவது அவர் விரலுக்குத் தெரிந்தது, குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

வந்தது. முதலில் ரத்தம், பிறகு செம்மண் தண்ணீர்போல, பிறகு பழுப்பாக, மூக்கைப் பொசுக்குகிற நாற்றத்தோடு, ஒரு பூனையின் வயிற்றுக்குள் இவ்வளவு இருக்குமா என்று பார்த்தவர்கள் வாய்பிளக்க, வந்துகொண்டே இருந்தது. பிலோமியின் சேலை நனைந்தது, மணல் நனைந்தது, மணலைத் தாண்டித் தார் நனைந்தது. அவள் சிரித்துக்கொண்டு அழுதாள். அடைப்பை உடைத்துக் கழுவிய பிறகு பூங்கோதை குழாயை உருவினார், பூனையை மணலில் விட்டார்.

சுங்கம் தள்ளாடி நின்றது. இரண்டு ஊரும் அதன் தலையையே பார்த்தன. அது வடக்கே பார்க்கவில்லை. முன்னங்காலால் மணலைப் பறித்து, தன் நாற்றத்தை முகர்ந்து பார்த்து, பொறுமையாக மூடி, இன்னொருமுறை முகர்ந்து, சரியாக இல்லை என்று மறுபடி மூடி, திருப்தியானதும் திரும்பி, வந்த வழியே கருவாட்டுக் கொட்டகையைப் பார்த்து நடந்தது.

"அய்யோ" என்றார் பூங்கோதை, மெதுவாக. "இது எங்கயும் போறதுக்கு வரலீங்க. நீர் அடைச்ச பூனை மணலைக் கண்டா அங்கேயே குந்துமுங்க. மூத்திரம் பேய வந்திருக்குது. அவ்வளவுதானுங்க. இது குறுக்கே போகவே இல்லீங்க."

பூங்கோதைக்கு நின்று பேச நேரமில்லை. கவனிக்காமல் விட்டால் மறுபடி அடைத்துக்கொள்ளும், மருந்தும் சலைன் நீரும் ஏற்ற வேண்டும், அவர் அதைப் பிடித்துப் போட ஒரு கூடையை எடுத்துக்கொண்டு பூனையின் பின்னாலேயே தெற்கே சரிவில் இறங்கினார். பிலோமி அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

கீழூரில் வாடகை வேன் ஓட்டுகிற மிக்கேலின் வண்டியில் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, பாயை விரித்து, தலையணை அண்டக்கொடுத்து ததேயுஸை ஏற்றினார்கள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"போச்சா?" என்றான்.

"போச்சு."

"நல்லாப் போச்சா?"

"தாராளமாப் போச்சு. எஞ்சேலையெல்லாம் நனைஞ்சிட்டு, பாருங்க."

அவன் அந்தச் சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மணற்குவியலுக்கு வந்ததும் மிக்கேல் பிரேக் போட்டான். கோட்டுக்கு இந்தப் பக்கம் கீழூர் முழுக்க நின்றது, அந்தப் பக்கம் மேலூர் முழுக்க நின்றது. மீன் லாரிகள், பஸ், ஆட்டோ, கல்யாணக் கார், எல்லாம் எஞ்சின் ஓடிக்கொண்டு வரிசையாக நின்றன. நடுவே ரோடு வெறிச்சென்று கிடந்தது. கோடு இருக்கிறதா போய்விட்டதா என்று ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. பூனை குறுக்கே போகவில்லை என்று டாக்டரம்மா சொன்னது சரிதான். ஆனாலும், எதற்கும், முதலில் வேறு யாராவது போகட்டும்.

"ஏல மிக்கேலு, எடுல!"

"யக்கா, பிள்ளகுட்டிக்காரன்க்கா நானு. யாராச்சும் ஒருத்தரு முன்னால போவட்டும், பின்னாலயே வுட்டுருதேன்."

பிலோமி கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். செருப்பில்லாத காலோடு, பூனை மூத்திரம் நனைந்த சேலையோடு, அரிவாள்மனையைத் தாண்டி, மணலை மிதித்து, அந்தப் பக்கம் போய் நின்றாள். கால் தூக்கியது, வைத்தது, வைத்த இடம் புதிய இடம். திரும்பி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

கெடுதலை ஒருத்தி வாங்கிக்கொண்டாள் என்று கண்டதும், அத்தனை நாளாக அடைத்துக்கிடந்த ஊர் ஒரே மூச்சில் பீறிட்டது. கீழூர் வண்டியெல்லாம் மேற்கே, மேலூர் வண்டியெல்லாம் கிழக்கே, ஒரு வண்டி போகிற ரோட்டில் நாலு வண்டியாக ஏறி, ஆரன் அலற, மணற்குவியலைச் சுற்றி முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. மிக்கேலின் வேன் நட்டநடுவில், பூனை படுத்திருந்த இடத்திலேயே, முன்னால் ஒரு லாரியும் பின்னால் ஒரு பஸ்ஸுமாக மாட்டிக்கொண்டது.

பிலோமி வண்டிகளுக்கு இடையில் புகுந்து ஓடினாள். லாரிக் கதவைத் தட்டினாள். "அண்ணே, கொஞ்சம் பின்னால எடுங்கண்ணே. உள்ள ஆளு கெடக்காவ."

"எனக்குப் பின்னால நிக்கவன எடுக்கச் சொல்லும்மா."

பின்னால் நின்றவர் அந்தக் கீழூர்க்காரன் முதலில் எடுக்கட்டும் என்றார். கீழூர்க்காரர் மேலூர்க்காரன் எடுத்தால் எடுக்கிறேன் என்றார். மேலூர் வரிசையின் முன்னால் சண்முகக்கனியின் கார் நின்றது, கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே அவர் பஸ் டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டி அவன்தான் பின்வாங்க வேண்டும் என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். பிலோமி அந்தக் கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தாள், அடித்தாள், பிறகு வேனுக்குத் திரும்பி ஓடினாள்.

ததேயுஸின் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோலச் சத்தம் கேட்டது.

"ஏன் நிக்கு?" என்றான். "மறுபடியும் பூனையா?"

"பூனை இல்ல" என்றாள் அவன் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு. "மனுசங்கதான்."

அவனுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், வாயோரம் ஒரு சிரிப்பு வந்தது. அது அங்கேயே நின்றுவிட்டது.

பிலோமி போட்ட சத்தத்தில் ஆரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. செய்தி லாரியிலிருந்து லாரிக்குப் போனது. போயிட்டாராம். ஐஸ் கம்பெனி ததேயுஸு. வேனுக்குள்ளயே. அப்புறம், யாரும் யாரையும் கேட்காமலே, லாரி பின்வாங்கியது, அதற்குப் பின்னால் நின்றது பின்வாங்கியது, பஸ் ஒதுங்கியது, கல்யாணக் கார் கழிச்சேற்றில் ஒரு சக்கரம் இறங்குகிற அளவுக்கு ஒதுங்கியது, மேலூர்வரை ரோடு பெருக்கிவைத்த முற்றம்போலத் திறந்துகொண்டது.

சண்முகக்கனி காரைவிட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்றவர்களிடம் தாழ்ந்த குரலில், ஆனால் நாலு பேருக்குக் கேட்கிறமாதிரி சொன்னார்: "பொணம் எதுத்தாப்ல வருது. இத்தன நாள் கெடுதல் எல்லாம் இதோட போச்சு. எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க." மேலூர் சனம் கைகூப்பிக்கொண்டு வேனை நன்றாகப் பார்த்துக்கொண்டது. வேனுக்குப் பின்னால் வந்த கீழூர்க்காரர்களுக்கு அந்தப் பலன் இல்லை என்பதால், அவர்களில் இரண்டு மூன்று பேர் ஓட்டமாக முன்னால் போய், திரும்பி நின்று, எதிரே வருவதுபோலப் பார்த்துக்கொண்டார்கள். சிலுவைப்பிச்சையும் அதில் ஒருவர்.

பூங்கோதை சுங்கத்தை அடைத்த கூடையோடு சரிவேறி வந்தார். வேனுக்குள் பார்த்தார். ஏறி, பிலோமியின் பக்கத்தில் உட்கார்ந்து, கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சநேரத்தில் கூடைக்குள் நீர் பெய்கிற சத்தம் கேட்டது, வலியில்லாமல், தடையில்லாமல், சளசளவென்று. பிலோமி ததேயுஸின் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தம் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

மிக்கேல் திரும்பிப் பார்க்காமல் கேட்டான். "யக்கா, வீட்டுக்குத் திருப்பவா?"

"ஆஸ்பத்திரிக்கு ஓட்டு" என்றாள் அவள். "வழி வுட்டுட்டாவல்லா."